வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியர் பணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளுக்கு உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயர் மட்டும் தரப்படுகிறது.

முதுகலை வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராவதற்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி போதும் என்கிறார் எங்கள் ஆசிரியர். முனைவர் பட்டம் இல்லாமல் முடியாது என்கிறார் என் அண்ணன். யார் சொல்வது சரி?
– வாசகி, கும்பகோணம்

விதியின்படி உங்கள் ஆசிரியர் சொல்வது சரி. நடைமுறையில் உங்கள் அண்ணன் சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட ஒழுங்குமுறைகள், 2021 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக நேரடி நியமனம் பெறுவோருக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று அறிவித்தன. பெருந்தொற்றுக் காலத்தில் ஆய்வுப் பணிகள் தடைபட்டதால் அந்தக் கெடு 2023 ஜூலை 1 வரை தள்ளிவைக்கப்பட்டது. அந்த நாள் வந்தபோது விதியையே திருத்திவிட்டார்கள். நெட், மாநில அளவிலான செட், ஸ்லெட் ஆகிய தகுதித் தேர்வுகளில் ஏதேனும் ஒன்றில் தேர்ச்சி என்பதே எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் குறைந்தபட்சத் தகுதி என்று இப்போது உள்ளது. இதனுடன் முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் (கிரீமி லேயர்) சேராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. செட் தேர்ச்சி அந்தத் தேர்வை நடத்திய மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் விண்ணப்பிக்கத் தகுதி பெறுவது வேறு, நேர்முகத்துக்கு அழைக்கப்படுவது வேறு. அழைப்புப் பட்டியல் தயாரிக்க அதே ஒழுங்குமுறைகளில் 100 மதிப்பெண் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான அந்தக் கணக்கில் இளங்கலைக்கு அதிகபட்சம் 15, முதுகலைக்கு 25, முனைவர் பட்டத்துக்கு 30, ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் நெட் தேர்ச்சிக்கு 7, வெறும் நெட்டுக்கு 5, செட்டுக்கு 3, ஆய்வுக் கட்டுரைகளுக்கு 10, கற்பித்தல் அனுபவத்துக்கு 10, விருதுகளுக்கு 3 என்று பிரித்திருக்கிறார்கள். இளங்கலையில் 72, முதுகலையில் 68 விழுக்காடு பெற்று நெட்டும் முடித்த ஒருவருக்கு 13, 23, 5 ஆக மொத்தம் 41 கிடைக்கும். அதே மதிப்பெண்களோடு முனைவர் பட்டமும் ஐந்து கட்டுரைகளும் இரண்டாண்டு அனுபவமும் உள்ளவர் 85-இல் நிற்பார். ஒரே ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும் வரலாறு போன்ற பாடத்தில், 41 மதிப்பெண் பெற்றவருடைய விண்ணப்பம் நேர்முக அறை வரை போய்ச் சேர்வது அரிது. ஆகவே நெட் எழுதுங்கள், முடிந்தால் ஜே.ஆர்.எஃப். பெறுங்கள், அந்த உதவித்தொகையைக் கொண்டே முனைவர் ஆய்வை முடியுங்கள்.

எம்.ஃபில். முடித்திருக்கிறேன். அதற்கு இனி மதிப்பு உண்டா?
– வாசகர், விருதுநகர்

மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளோடு எம்.ஃபில். படிப்பு நிறுத்தப்பட்டது. அதற்கு முன் முறையாகப் பெற்ற பட்டம் செல்லும். அட்டவணையில் 60 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 7, அதற்குக் கீழ் 55 வரை 5. முனைவர் பட்டமும் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து 30-க்கு மேல் தர மாட்டார்கள்.

அழைப்புப் பட்டியலில் நான்தான் முதலிடம். நேர்முகத்தில் என்னை நிராகரித்துவிட்டு, என்னைவிட இருபது மதிப்பெண் குறைவாக இருந்தவரை எடுத்திருக்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?
– வாசகர், திருநெல்வேலி

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் விதி உங்கள் பக்கம் இல்லை. அந்த 100 மதிப்பெண் யாரை அழைப்பது என்று தீர்மானிக்க மட்டுமே. தேர்வு முழுக்க முழுக்க நேர்முகத்தில் வெளிப்படும் திறனைக் கொண்டே நடைபெற வேண்டும் என்று 2018 ஒழுங்குமுறைகள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன. நேர்முக அறைக்குள் நுழையும் கணத்தில் 85 பெற்றவரும் 65 பெற்றவரும் சமம்.

அந்த அறையில் யார் இருப்பார்கள் என்பதையும் விதி வகுத்திருக்கிறது. துணைவேந்தர் அல்லது பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவமுள்ள அவருடைய பிரதிநிதி தலைமை வகிப்பார். வேந்தர் நியமித்த பேராசிரியர் ஒருவர், பாட வல்லுநர்கள் மூவர், புலத்தலைவர், துறைத்தலைவர் ஆகியோர் உறுப்பினர்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகிய பிரிவுகளிலிருந்து விண்ணப்பித்தவர்கள் இருந்து, குழுவில் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் எவரும் இல்லையென்றால், அதற்காகக் கூடுதலாக ஒருவரை நியமிக்க வேண்டும். குறைந்தது நான்கு பேர், அவர்களில் இருவர் வெளியிலிருந்து வந்த பாட வல்லுநர்கள், இருந்தால்தான் குழு கூட முடியும். வல்லுநர்களின் பெயர்ப்பட்டியலுக்குப் பல்கலைக்கழக அமைப்புகள் ஒப்புதல் அளித்தாலும், அந்தப் பட்டியலிலிருந்து மூவரைத் தெரிவு செய்பவர் துணைவேந்தர்தான் என்பதை நான் கவலையோடு குறிப்பிடுகிறேன்.

இனி நான் சொல்வது விதியைப் பற்றிய என் கருத்து. மதிப்பெண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு நேர்முகத்தை மட்டும் நம்புவது தவறான முடிவு என்று நான் எண்ணவில்லை. அந்த நேர்முகத்தைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிப்பதுதான் தவறு. ஏறத்தாழ முப்பதாண்டு காலம் ஒரு துறையில் இருந்து, பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் சொல்லப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க அந்த நேரம் போதாது. பெயர், ஊர், ஆய்வுத் தலைப்பு, வழிகாட்டியின் பெயர் என்று தொடங்கி, நடுவில் தேநீர் வந்து, இரண்டு பொதுக் கேள்விகளோடு முடிந்துவிடும் நேர்முகங்கள் உண்டு. அந்த நேரத்தில் வரலாற்று ஆசிரியரின் திறன் எதுவும் வெளியே வராது. வராதபோது, குழுவினர் ஏற்கெனவே கேள்விப்பட்ட பெயர்களே மேலே வரும். சிபாரிசுக்கும் அதைவிடக் கேவலமானவற்றுக்கும் இடம் கொடுப்பது இந்த வெற்றிடம்தான்.

இதற்கு மாற்றை எங்கிருந்தும் இரவல் வாங்க வேண்டியதில்லை. கருத்தரங்க உரை அல்லது வகுப்பறைச் சூழலில் ஒரு பாடம் நடத்தச் சொல்லி, கற்பிக்கும் திறனையும் ஆய்வுத் திறனையும் மதிப்பிடலாம் என்று அதே ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. 'வேண்டும்' என்று சொல்லாமல் 'மதிப்பிடலாம்' என்றிருப்பதால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகின்றன.

நான் வல்லுநராக அமர்ந்திருந்த ஒரு தேர்வில், இடைக்காலத் தமிழகத்துக்கான இடத்துக்கு வந்தவர்களிடம் ஒரு கல்வெட்டின் வாசகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, குடியமர்த்தியதைக் கூறும் கல்வெட்டு அது. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டார், எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்த வீட்டு வரிசையில், எத்தனையாவது வீடு அவருக்கு, அவர் பங்குக்கு எவ்வளவு நெல் என்பது வரை அதில் வரிசையாக இருக்கிறது. கோயிலும் பெண்களும் என்ற பொருளிலேயே முனைவர் பட்டம் பெற்றிருந்த ஒருவர், பட்டியலில் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு வந்தவர், 'சிறகு' என்ற சொல்லில் தடுக்கி நின்றுவிட்டார். மூல வாசகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அழைப்புப் பட்டியலின் கடைசி வரிசையில் இருந்த இன்னொருவர், வரிக்கு வரி வாசித்து, ஊர்ப்பெயர்களை மட்டும் தொகுத்தாலே அக்காலத்தில் எந்தெந்தக் கோயில்களில் ஆடல் மகளிர் இருந்தார்கள் என்று ஒரு வரைபடம் போட்டுவிடலாம் என்று சொன்னார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தேர்வு இவ்வாறு நடந்ததா, வேறு எவ்வாறு நடந்ததா என்று எனக்குத் தெரியாது. மதிப்பெண் குறைந்தவர் தேர்வானதை மட்டும் வைத்து அதை முறைகேடு என்று சொல்லிவிட முடியாது.

ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வந்துவிடும் என்று செய்தி வருகிறது. அட்டவணையில் மதிப்பெண் கிடைக்கும் என்றால் கட்டிவிடலாமா? தமிழில் எழுதிய கட்டுரைகள் செல்லுமா?
– வாசகர், சேலம்

கட்ட வேண்டாம். ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், ஐந்து கட்டுரைகளோடு அது முடிந்துவிடுகிறது. அந்த 10 மதிப்பெண்ணுக்காகக் காசு கொடுத்து வாங்கிய கட்டுரை, உங்கள் பெயரோடு இணையத்தில் நிரந்தரமாக இருக்கும். பாட வல்லுநர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் நாள் வரும். தரமான இதழ்களை அடையாளம் காட்ட மானியக் குழு பராமரித்துவந்த 'கேர்' பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு இப்போது அந்தந்தக் கல்வி நிறுவனத்திடம் வந்துவிட்டதால், ஓரிடத்தில் ஏற்கப்பட்ட கட்டுரை இன்னோரிடத்தில் தள்ளப்படலாம். துறை அறிஞர்கள் படித்துத் திருத்தி, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வெளியிடும் இதழில் இரண்டு கட்டுரை இருந்தாலும் போதும்.

கட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. துறை அறிஞர் மதிப்பீட்டுக்குப் பின் வெளியாகும் தமிழ் இதழ் என்றால் உரிமையோடு குறிப்பிடுங்கள்; மதிப்பீட்டு முறை பற்றிய இதழின் அறிவிப்புப் பக்கத்தையும் சேர்த்து இணையுங்கள்.

இதைச் சொல்லும்போது, அட்டவணையிலுள்ள இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வு வெளியீடு என்ற தலைப்பின் கீழ் அது கணக்கில் எடுத்துக்கொள்வது இதழ்க் கட்டுரைகளை மட்டுமே. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் அது பொருந்தலாம். வரலாற்றிலோ பல ஆண்டுகள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எழுதிய ஒரு முழு நூலுக்கு அதில் இடமே கிடையாது. புதிதாகக் கண்டெடுத்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பித்தவருக்கும், ஓலைச்சுவடியிலிருந்து கணக்குகளைப் பெயர்த்தெழுதி அச்சேற்றியவருக்கும் அதே கதிதான். இளைஞர்கள் நூலை எழுதாமல் ஐந்து அத்தியாயங்களையும் ஐந்து கட்டுரைகளாக வெட்டி விற்பதற்கு இந்த அட்டவணையும் ஒரு காரணம்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலுள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறைக்கு ஒரே ஓர் இடம் அறிவித்தார்கள், அது பொதுப்பிரிவு. பத்தாண்டாகக் காத்திருக்கும் பட்டியல் சாதி மாணவர்கள் என்ன செய்வது? இட ஒதுக்கீடு இந்தத் துறைக்கு வராதா?
– வாசகர், திருவாரூர்

வரும், ஆனால் துறைவாரியாக வராது. ஏன் என்று விளங்கிக்கொள்ள 2017 முதல் 2019 வரை நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இட ஒதுக்கீட்டைக் கணக்கிடும்போது, பல்கலைக்கழகத்திலுள்ள எல்லா உதவிப் பேராசிரியர் பணியிடங்களையும் ஒன்றாகச் சேர்த்து எந்த எண் எந்தப் பிரிவுக்கு என்று முன்கூட்டியே வகுத்த, 200 இடங்கள் கொண்ட இனச்சுழற்சிப் பட்டியலில் வரிசைப்படுத்தி வந்தார்கள். 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் மானியக் குழுவும் அதையே சுற்றறிக்கையாக்கியது. இதன்படி சிறிய துறைகளுக்குப் 13 இடச் சுழற்சி வந்தது. அதில் முதல் மூன்று இடங்கள் பொது. நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு. பட்டியல் சாதியினருக்கு ஏழாவது இடம். பழங்குடியினரின் முறையோ அந்தப் பதின்மூன்றையும் தாண்டி 14-ஆவது நியமனத்தில்தான். ஆறு உதவிப் பேராசிரியர் இடங்கள் கொண்ட ஒரு வரலாற்றுத் துறையை எண்ணிப் பாருங்கள். அங்கே பட்டியல் சாதியினருக்கு ஓரிடம்கூடக் கிடைக்காது. பழங்குடியினரின் முறை வர எத்தனை தலைமுறை ஆகும் என்று சொல்ல முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கிப் போராடிய பின், மார்ச்சில் அவசரச் சட்டமும், அதே ஆண்டில் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுச் சட்டமும் வந்தன. அவற்றின்படி பல்கலைக்கழகமே மீண்டும் அலகானது.

ஆகவே இன்று ஒரு வரலாற்றுப் பணியிடம் எந்தப் பிரிவுக்குப் போகும் என்பதைப் பல்கலைக்கழகம் முழுவதற்குமான பட்டியலில் அந்த இடம் எந்த எண்ணில் விழுகிறது என்பதே தீர்மானிக்கிறது. கணிதத்திலும் பொருளியலிலும் உருவான காலியிடங்கள் உங்கள் துறையின் முறையை முன்னும் பின்னும் தள்ளும். நீங்கள் ஓர் அறிவிப்பிலுள்ள ஒற்றை இடத்தைப் பார்த்து முடிவுக்கு வராமல், பல்கலைக்கழகத்தின் இனச்சுழற்சிப் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறுங்கள். நிரப்பப்படாமல் கிடக்கும் பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை என்பது அதில் வெளிப்படும்; தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை என்று எழுதி மூடிவைக்கப்பட்ட இடங்கள்தான் உண்மையில் கேள்வி கேட்கப்பட வேண்டியவை.

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இந்த மத்தியச் சட்டம் பொருந்தாது. அங்கே 69 விழுக்காடு ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியருக்கான 3 விழுக்காட்டை உள்ளடக்கிய பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1.

நேர்முகத்தில் 'திருமணமாகிவிட்டதா, குழந்தை பிறந்தால் வகுப்பை யார் எடுப்பது' என்று கேட்டார்கள். பதில் சொல்லத்தான் வேண்டுமா?
– வாசகி, மதுரை

வேண்டியதில்லை. அரசுப் பணி நியமனத்தில் பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கேள்வியை ஓர் ஆணிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதே அது கேட்கத் தகாதது என்பதற்குச் சான்று. அறையில் வாதம் செய்வது உங்களுக்குப் பயன்படாது. "பணி விதிகளின்படி விடுப்பு எடுப்பேன், பாடத்திட்டத்தை முடிப்பது பற்றி நான் வகுத்திருக்கும் திட்டத்தைச் சொல்லட்டுமா?" என்று பேச்சைப் பாடத்துக்குத் திருப்பிவிடலாம். வெளியே வந்த உடனே நாள், நேரம், கேட்கப்பட்ட சொற்கள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். புகார் கொடுக்க முடிவு செய்தால் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

ஒரு குறிப்பிட்ட நபருக்காகவே தைத்த சட்டை போல ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. சிறப்புப் புலமை என்ற இடத்தில் அவருடைய ஆய்வுத் தலைப்பையே ஏறக்குறைய அப்படியே போட்டிருக்கிறார்கள். நீதிமன்றம் போகலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

துறைக்குத் தேவையான சிறப்புப் புலமையைக் குறிப்பிடுவது தவறில்லை. கல்வெட்டியல் கற்பிக்க ஆளில்லாத துறை கல்வெட்டியல் அறிஞரைக் கேட்கலாம். ஏற்கெனவே நான்கு பேர் நவீன இந்திய வரலாறு நடத்தும் துறை, ஐந்தாவதாகப் பண்டைக்கால வல்லுநரைத் தேடலாம். பண்டைய, இடைக்கால, நவீன என்ற அளவிலோ, பொருளாதார வரலாறு, தொல்லியல் என்ற அளவிலோ நின்றால் அது தேவை. ஒரு மாவட்டத்தையும் ஒரு நூற்றாண்டையும் ஒரு சமயப் பிரிவையும் சேர்த்துக் குறிப்பிட்டால், உங்கள் ஐயம் நியாயமானது.

வழக்குத் தொடுப்பதாக இருந்தால் இப்போதே தொடுக்க வேண்டும். அறிவிப்பை ஏற்று விண்ணப்பித்து, நேர்முகத்திலும் கலந்துகொண்டு, தேர்வாகவில்லை என்று தெரிந்த பின் 'அறிவிப்பே தவறு' என்று வருபவரை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. 1995-இல் மதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே போல, வல்லுநர்கள் ஒருவரைத் தகுதியானவர் என்று மதிப்பிட்ட பின் அந்த மதிப்பீட்டுக்குள் நீதிமன்றம் நுழையத் தயங்கும். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ரீடர் (இன்றைய இணைப் பேராசிரியருக்கு ஒப்பான பதவி) பணி நியமனத்தை எதிர்த்த கோவிந்த ராவ் வழக்கில் 1963-இல் வந்த தீர்ப்பே இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. விதிமீறலைக் காட்டினால், அதாவது குழு முறையாக அமைக்கப்படவில்லை, தேர்வானவருக்கு அடிப்படைத் தகுதியே இல்லை, இனச்சுழற்சி மாற்றப்பட்டது என்பவற்றைக் காட்டினால், நீதிமன்றம் கேட்கும். 'நான் அவரைவிடச் சிறந்த வரலாற்றாசிரியன்' என்ற வாதம் எடுபடாது.

வழக்குக்கு முன் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் கோரி ஒரு மனு போடுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். உங்கள் மதிப்பெண் விவரங்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நேர்முகக் குழுவினரின் பெயர்களைத் தர வேண்டியதில்லை என்று 2012 டிசம்பரில் பீகார் தேர்வாணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், அந்தக் கேள்வியில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

தொல்லியலில் முதுகலை படித்தவர் வரலாற்றுத் துறைக்கு விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, தருமபுரி

'உரிய, தொடர்புடைய அல்லது சார்ந்த பாடம்' என்று விதி சொல்வதால் வழி அடைக்கப்படவில்லை. எது சார்ந்த பாடம் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் பதிவாளருக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். தமிழக அரசுக் கல்லூரிகளில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக நடக்கும் நியமனங்களுக்கு, பட்டத்தின் இணைத்தன்மைக்கான அரசாணை இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இதனால் திரும்பி வந்தவர்கள் பலர்.

கல்லூரியில் பல ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். அந்த அனுபவம் கணக்கில் வருமா?
– வாசகர், புதுக்கோட்டை

பல்கலைக்கழகம் அதைக் கற்பித்தல் அனுபவமாக ஏற்றால், ஓராண்டுக்கு 2 மதிப்பெண் வீதம் ஐந்தாண்டோடு 10 வந்துவிடும். அதற்கு மேல் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் அட்டவணைக்கு அது தெரியாது. ஓராண்டுக்குக் குறைவான காலத்துக்கு அதே விகிதத்தில் குறைத்துத் தருவார்கள். எனவே ஒவ்வொரு ஆண்டின் பணி ஆணையும், சேர்ந்த நாளும் விடுவிக்கப்பட்ட நாளும் குறித்த அனுபவச் சான்றும் தனித்தனியே கையில் இருக்க வேண்டும். முழுநேர ஆய்வாளராக முனைவர் பட்டத்துக்குச் செலவிட்ட காலம் கற்பித்தல் அனுபவமாகாது. நீங்கள் பணியாற்றிக்கொண்டே, விடுப்பு எடுக்காமல் ஆய்வு செய்திருந்தால், அதைச் சான்றில் வெளிப்படையாக எழுதி வாங்குங்கள்.

பதவி கிடைத்தால் சம்பளம் என்ன? தகுதிகாண் பருவம் எவ்வளவு?
– வாசகர், ஈரோடு

ஏழாவது ஊதியக் குழுவின்படி பத்தாம் நிலையில் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 57,700 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. மானியக் குழு விதிப்படி தகுதிகாண் பருவம் ஓராண்டு. தேவைப்பட்டால் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம். முனைவர் பட்டத்தோடு சேர்ந்தவர் நான்கு ஆண்டுகளிலும், எம்.ஃபில். பட்டத்தோடு சேர்ந்தவர் ஐந்து ஆண்டுகளிலும், இரண்டும் இல்லாதவர் ஆறு ஆண்டுகளிலும் பதினோராம் நிலைக்குத் தகுதி பெறுவார்.

என் மகள் அமெரிக்காவில் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப்போகிறாள். அங்கேயே பணி தேடுவதா, இங்கே திரும்புவதா என்று குழம்புகிறாள். அங்கே தேர்வு எவ்வாறு நடக்கும்?
– வாசகர், சென்னை

அங்கே அரசோ மானியக் குழுவோ மதிப்பெண் அட்டவணை தருவதில்லை, துறைதான் தேர்ந்தெடுக்கிறது. இலையுதிர் காலத்தில் அறிவிப்பு வெளியாகும். விண்ணப்பக் கடிதத்தோடு ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம், கற்பித்தல் பற்றிய குறிப்பு, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றைக் கேட்பார்கள். துறையைச் சேர்ந்த தேடல் குழு அவற்றைப் படித்து, பத்துப் பன்னிரண்டு பேரிடம் முதல் சுற்று நேர்காணல் நடத்தும். முன்பெல்லாம் இது ஜனவரியில் நடக்கும் அமெரிக்க வரலாற்றுச் சங்க ஆண்டு மாநாட்டில், விடுதி அறைகளில் நடந்தது. இப்போது காணொளியில் நடக்கிறது. அதன் பின் பெரும்பாலும் மூவரை மட்டும் வளாகத்துக்கு அழைப்பார்கள். ஒன்றிரண்டு நாள் அங்கே தங்கி, ஆய்வுரை நிகழ்த்தி, உண்மையான மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்து, புலத்தலைவரைச் சந்தித்து, துறையினரோடு உணவருந்தி வர வேண்டும். இறுதியில் துறை ஆசிரியர்கள் வாக்களிப்பார்கள்.

இதுவும் குறையற்ற முறை என்று சொல்ல மாட்டேன். விரல்விட்டு எண்ணத்தக்க புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களே நல்ல இடங்களில் பெரும்பகுதியைப் பெறுகிறார்கள். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் வரலாற்றுத் துறை இடங்கள் சுருங்கிவிட்டன. மற்றவர்கள் பகுதிநேர ஆசிரியர்களாக அலைகிறார்கள். இடம் கிடைத்தாலும் அது உடனே நிரந்தரமாகாது. ஆறாம் ஆண்டு வாக்கில் பணியை மதிப்பிட்டு, பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் என்றால் அதற்குள் ஒரு நூல் வந்திருக்கிறதா என்று பார்த்து, நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் வெளியேற வேண்டியதுதான். ஆனால் அந்த ஆய்வுரையும் வகுப்பும் எனக்குப் பிடித்திருக்கின்றன. பணம் அதிகம் தேவைப்படாத அவ்விரண்டையும் நம் பல்கலைக்கழகங்கள் நாளையே தொடங்கலாம்.

உங்கள் மகள் திரும்புவதாக இருந்தால், அவர் பட்டம் பெறும் பல்கலைக்கழகம் கியூ.எஸ்., டைம்ஸ் உயர்கல்வி, ஷாங்காய் ஆகிய மூன்று உலகத் தரவரிசைகளில் ஏதேனும் ஒன்றில், எந்த ஆண்டிலேனும், முதல் 500 இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். அவ்வாறு வந்திருந்தால் நெட் இல்லாமலே விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. அந்த ஆண்டின் தரவரிசைப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் நேர்முகம். எதைப் படிப்பது?
– வாசகி, நாகர்கோவில்

புதிதாக எதையும் படிக்க வேண்டாம்; உங்கள் ஆய்வேட்டைத் திரும்பப் படியுங்கள். அதன் முதன்மைச் சான்றுகள் எவை, அவை எங்கே இருக்கின்றன, அவற்றில் எதை நீங்கள் மூலத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டால் தடையின்றிச் சொல்ல வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய்த் துறைக் கோப்புகளைப் பார்த்திருந்தால் ஒரு கோப்பை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள்: அதில் மனு கொடுத்தவர் யார், ஆட்சியர் என்ன குறிப்பு எழுதினார், நீங்கள் அதை எப்படி வாசித்தீர்கள். உங்கள் முடிவை மறுப்பவர் யார், அவருக்கு உங்கள் பதில் என்ன என்பதையும் தயாராக வைத்திருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பாடத்திட்டத்தை இணையத்தில் எடுத்து, அதில் எந்த இரண்டு தாள்களை உங்களால் அடுத்த பருவத்திலேயே நடத்த முடியும், எந்த ஒரு தாளைப் புதிதாகச் சேர்க்க விரும்புகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கேட்காவிட்டாலும் பேச்சினூடே அதைச் சொல்ல இடம் கிடைக்கும். பிற மாநில வல்லுநர்கள் இருப்பார்கள் என்பதால் ஆய்வின் சாரத்தை மூன்று நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று, நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழக அரசு தரும் சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவில் சேராதவர் என்ற குறிப்போடு, அறிவிப்பு கேட்கும் காலத்துக்குள் பெற்ற சான்றிதழ் வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் உங்கள் சாதி அதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இந்த வாரமே வட்டாட்சியர் அலுவலகத்துக்கான விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிவு செய்துவிடுங்கள்.